ஒரகடத்திலிருந்து ஒரு பானை மண்

ஓர் இடுகாட்டிலிருந்து ஒரு பானை மண்ணை எடுத்துப் போய் இன்னோர் இடுகாட்டில் வைத்தால், இடம் மாறியது யார்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரிந்தபின் எழுதலாம் என்று ஊர் திரும்பியதிலிருந்து காத்திருந்தேன். தெரிகிற மாதிரி இல்லை. தெரியாமலே எழுதுகிறேன்.

இந்த வலைப்பதிவில் இதுவரை நான் எழுதியவை மலைகள், பழைய கோட்டைகள், நம்பிப் போகக்கூடிய விடுதிகள். இதில் அப்படி ஒன்றும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வரை தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கிறார்கள். சில ஊர்களில் அந்த நிலத்துக்குள் இடுகாடும் வந்துவிடுகிறது. அங்கே யாரையாவது புதைத்துவிட்டு வெளியூரில் வாழ்கிறவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்குப் பயன்படட்டும் என்பதற்காகப் பஸ், தூரம், செலவு எல்லாவற்றையும் வழக்கம்போலக் குறித்திருக்கிறேன்.

எனக்குத் தகவல் வந்தது இந்த வருடம், 2005, மே மாதத் தொடக்கத்தில். கணவரின் தம்பி அந்தோணி தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம்தான் அவர்கள் ஊர். (பெயர் வேண்டாம். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.)

"அண்ணி, நம்ம கல்லறைத் தோட்டத்தயும் எடுத்துக்கிறாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள அவங்கவங்க ஆளுங்கள எடுத்துக்கணுமாம். வேற எடம் குடுத்துகிறாங்க. பாப்பாவ இன்னா பண்றது?"

பாப்பா என்று அவர் சொன்னது என் மகளை. 1982இல் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் பிறந்து, பிறந்த அன்று சாயங்காலமே போய்விட்டாள். ஞானஸ்நானம் கொடுக்க நேரம் இருக்கவில்லை. அந்த ஊரில் அப்போதிருந்த வழக்கப்படி, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளை மற்றவர்களோடு வைக்கமாட்டார்கள். வேலியோரமாக, சிலுவை நடாமல் புதைப்பார்கள். கணவரும் மாமனாரும் கொண்டுபோனார்கள். நான் மருத்துவமனையில் படுத்திருந்தேன். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை.

இத்தனை வருடங்களில் எனக்குச் சாவைப் பற்றிப் பெரிய கேள்விகள் இருந்ததில்லை. நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். கோயிலுக்கும் போவதில்லை. என்னைத் தின்றுகொண்டிருந்தது ஒரு சின்ன விஷயம். அவளைத் தனியாக வைத்துவிட்டார்கள் என்பது. வேலியோரத்தில், யாருடைய பக்கத்திலும் இல்லாமல்.

கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். தகவலைச் சொன்னேன். "போய் எடுத்துட்டு வந்துடு" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னார். 

எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். பிறந்த குழந்தையின் எலும்பு அவ்வளவு மெல்லியது. அமிலத்தன்மை உள்ள செம்மண்ணில், இத்தனை மழைக்காலத்துக்குப் பிறகு, கரைந்து போயிருக்கும். இதை வகுப்பில் நானே நடத்துகிறேன். அவரிடம் சொல்லவில்லை.

விடைத்தாள் திருத்தும் வேலையாகச் சென்னையில் இருந்ததால் அங்கிருந்தே கிளம்பினேன். புதன்கிழமை காலை 6.10க்குப் பூந்தமல்லியில் பஸ். ஸ்ரீபெரும்புதூருக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய். இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்ததால் கால் மணி நேரம் நின்றோம். ஷிப்ட் முடிந்தவர்கள் ஒரு பக்கமும் தொடங்குகிறவர்கள் ஒரு பக்கமுமாகச் சாலையைக் கடந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறச் சட்டை. இந்த நேரத்தைத் தவிர்க்க முடியுமானால் தவிருங்கள்.

பானை ஸ்ரீபெரும்புதூரில் வாங்கினேன். கோயிலுக்குப் போகும் தெருவில் இரண்டு கடைகள் இருக்கின்றன. வாய் அகலமான புதுப் பானை முப்பத்தைந்து ரூபாய். கடைக்காரம்மா அதை விரலால் தட்டிக் காண்பித்தார்.

"சத்தம் எப்டி கீது பாரும்மா. தண்ணி ஊத்திப் பாத்து எடுத்துக்க. அப்பறம் ஒழுவுதுன்னு வந்து நிக்கக்கூடாது."

"தண்ணி ஊத்தப்போறதில்ல."

"அப்ப இன்னாத்துக்கு வாங்குற? அழகுக்கா?"

நான் காசை எண்ணிக் கொடுத்ததும் அவரே, பானை உருளாமல் அடியில் வைக்க, ஒரு பிரிமனையைச் சும்மா கொடுத்தார். எதிர்க்கடையில் இரண்டு மீட்டர் வெள்ளைத் துணி நாற்பது ரூபாய்.

அங்கிருந்து ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ் ஐந்து ரூபாய். நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும், கழுத்தில் கம்பெனி அட்டை, என் இடுப்பிலிருந்த பானையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அதை இங்கன தாங்கக்கா. நான் மடியில வச்சிக்கிடுதேன். தண்ணிப் பானையா? எங்க ரூம்லயும் ஒண்ணு வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கோம். ஆறு பேரு இருக்கோம், ஒருத்தியும் வாங்க மாட்டேங்காளுவ."

"எந்த ஊரு?"

"கோவில்பட்டிப் பக்கம்க்கா. நைட் ஷிப்ட் முடிஞ்சு வாறேன். ஓ.டி. பாரு, இன்னும் நாலு மணி நேரம்னாங்க, முடியாதுன்னுட்டேன்."

அடுத்த நிறுத்தத்துக்குள் பானையைக் கட்டிக்கொண்டு அதன் விளிம்பில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். ஒரகடம் கூட்டுச்சாலையில் அவளை எழுப்பித்தான் பானையை வாங்கவேண்டியிருந்தது. விளிம்பின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. அதைத் துடைத்துவிட வேண்டும் போலிருந்தது. நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. இறங்கிவிட்டேன்.

அந்தோணி இருசக்கர வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயது. ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். எனக்காக லீவு போட்டிருந்தார்.

"இன்னா அண்ணி, இம்மாம் பெரிய பானை? பொங்கல் வெக்கவா வந்துகிறீங்க?" என்றவர், சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாய் பாருங்க எனுக்கு. வூட்லயும் இதே திட்டுதான்."

"பரவாயில்ல. ஓட்டுங்க."

அங்கிருந்து வாலாஜாபாத் சாலையில் ஆறு கிலோமீட்டர். வண்டி இல்லாதவர்களுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்குப் பத்து ரூபாய். வழி முழுக்கப் புல்டோசர் சமப்படுத்திய செம்மண். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அந்தோணி தலையைத் திருப்பாமலே பேசிக்கொண்டு வந்தார். வீட்டை நான்காகத் தடுத்துக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாராம். "என் பொண்டாட்டி இன்னா சொல்றா தெரியுமா? 'உன்னைய வெளிய தள்ளுனா இன்னொரு கட்டில் போடலாம்'ன்றா." அவர் ஒன்றும் வருத்தப்படுகிற மாதிரித் தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அரை ஏக்கர் இருக்கும். ஓரமாக மஞ்சள் நிற மண்வெட்டும் எந்திரம் ஒன்று ஓட்டுநர் இல்லாமல் நின்றது. சுற்றிலும் இருந்த சீமைக்கருவேலத்தையும் வேலியையும் முந்தைய நாளே வழித்துத் தள்ளியிருந்தார்கள். ஏழெட்டுக் குடும்பங்கள் ஆங்காங்கே தோண்டிக்கொண்டிருந்தன. நான் நினைத்துப் போன மாதிரி அழுகையாக இல்லை. ஒருவர் தன் அப்பாவின் தாடையைக் கையில் வைத்துக்கொண்டு, "தோ பாருடா, தங்கப் பல்லு. சாவுற வரிக்கும் கடன்காரனுக்குத் தெரியாம வச்சிகினு இருந்துகிறாரு" என்று தன் தம்பியிடம் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவருமே திரும்பிக்கொண்டார்கள்.

தோண்டுவதற்கு அந்தோணி ஏற்பாடு செய்திருந்தவர் பெயர் முனுசாமி. ஐம்பது வயதிருக்கும். ஒரு குழிக்கு இருநூறு ரூபாய் என்று பேசியிருந்தார்கள்.

நான் நேராகக் கல்லிடம் போனேன். அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் போய் இரண்டு வருடம் கழித்துத்தான், கல்லறைத் திருநாளுக்கு, முதல் தடவையாக அங்கே போனேன். வேலியோரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அதன் தலையில் விரல் நீளத்துக்கு ஒரு சிலுவை செதுக்கியிருந்தது. "பாப்பா கல்லு" என்று அந்தோணிதான் காட்டினார். வேலியோரக் குழந்தைகளுக்குச் சிலுவை கிடையாது. அப்படியிருந்தும் யாரோ செதுக்கியிருக்கிறார்கள் என்றால் அது மாமனாராகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அவர் கண்டிப்பானவர். குழந்தை போனபின் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து அந்தக் கல்லைக் கொத்தியிருக்கிறார் என்ற எண்ணத்தில்தான் அவரைக் கடைசிவரை நான் மதித்தேன். அவர் சாகக் கிடந்தபோது ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டதும் அந்தச் சிலுவைக்காகத்தான்.

கல்லைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தேன். வேலி இருந்த இடத்துக்கு அப்பால், முள் வழித்த வெறும் தரையில், இன்னொரு கல் தெரிந்தது. அதே உயரம். இத்தனை காலம் புதருக்குள் இருந்திருக்கிறது. நடந்து போய்ப் பார்த்தேன். அதன் தலையிலும் விரல் நீளத்துக்கு ஒரு சிலுவை. அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் மூன்றாவது. அதற்கும் போனேன். அதிலும் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது மூன்று கல்லும் ஒரே நேர்க்கோட்டில் நின்றன.

திரும்பி வந்தேன். "அந்தோணி, இது சர்வே கல்லு."

"இன்னா சொல்றீங்க? நம்ம பாப்பா கல்லு அண்ணி. குருசு போட்டுகீது பாருங்க."

"அது குருசு இல்ல. நிலம் அளக்கறவங்க போடற குறி. அங்க இருக்கற கல்லுலயும் போட்டிருக்கு. அதுக்கு அடுத்ததுலயும்."

அவர் போய்ப் பார்த்தார். மெதுவாக நடந்து வந்தார். கல்லுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தானே வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சேன். மால போட்டேன். மெழுவத்தி ஏத்துனேன். சர்க்காரு கல்லுக்கா?"

முனுசாமி சிரித்துவிட்டார். "சர்க்காருக்கும் ஒர்த்தன் மெழுவத்தி ஏத்தணும் இல்லப்பா?" என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதம்மா. எல்லா ஊட்லயும் கல்ல நம்பித்தான் கும்புட்றாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளே ஏதோ காலியானது போலிருந்தது. மகள் எங்கே என்று தெரியாமல் போயிற்று என்பது ஒன்று. மாமனார் செதுக்கிய சிலுவையும் போயிற்று. அந்த மனிதர் எதையும் செதுக்கவில்லை. யாரும் செதுக்கவில்லை. எல்லை குறிக்க வந்த யாரோ ஒருவர் உளியை எடுத்து இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கல்லுக்குப் போயிருக்கிறார்.

"திரும்பிப் போயிடலாமா?" என்று கேட்டேன்.

அந்தோணி எழுந்தார். "அன்னிக்கு மம்பட்டிய நாந்தான் அண்ணி தூக்கினு வந்தேன். வேலியோரம், அது நெசம். ஒரு பனமரம் இருந்துச்சு, அதுக்கு இந்தாண்ட. கல்லு அப்பறமா பாத்தது. குருசு இருக்கவே இதான்னு நெனச்சிட்டேன். பனமரத்தத் தேடலாம்."

பனை வெட்டப்பட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. வேர்க்கட்டையைக் கண்டுபிடித்தோம். சர்வே கல்லிலிருந்து பத்தடி தள்ளி. அதன் பக்கத்தில் தோண்டச் சொன்னேன். மேலே சரளை, அதற்குக் கீழே செம்மண், பாறைபோல் இறுகியிருந்தது. கடப்பாரை பட்டு எகிறியது. முதல் குழியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் வேர். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. மற்றக் குடும்பங்கள் பானையைக் கட்டி எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார்கள். முனுசாமி இன்னும் கொஞ்சம் தள்ளிக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க கொஞ்சம் எளகுனாப்பல கீது" என்று வெட்டத் தொடங்கினார்.

இரண்டரை அடி ஆழம் இருக்கும். மண்வெட்டி ஒரு கட்டியைப் பெயர்த்தபோது, அது விட்டுப்போன இடத்தில் உருண்டையாக ஒன்று தெரிந்தது. வழவழப்பாக, மண்ணின் நிறத்தில், பாதி புதைந்து. முனுசாமி கையை நிறுத்தினார்.

"அண்ணி, நீங்க அப்பால போங்க" என்றார் அந்தோணி.  "நாங்க எடுக்கிறோம். நீங்க பாக்க வேணாம்."

நானும் அதைத்தான் நினைத்தேன். இருக்க முடியாது என்று தெரிந்தும் நினைத்தேன். படித்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. குழிக்குள் இறங்கி மண்டியிட்டேன். கையை வைத்தேன். மேலே நின்றால் செருப்புக்குள் கால் சுடுகிற வெயில். அது குளிர்ந்திருந்தது. ஈரமாக இருந்தது. பிறகு என் விரல்களுக்குக் கீழே மெல்ல உப்பியது.

மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அது ஒரு தவளை. எலுமிச்சையைவிடப் பெரிது, சாத்துக்குடியைவிடச் சிறிது. தலை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத மாதிரி உருண்டை. கைகால்களை உடம்போடு ஒடுக்கிவைத்திருந்தது. அது இருந்த குழிவு, கிண்ணத்தின் உட்புறம்போல், அதன் உடம்புக்கு அளவெடுத்தபடி இருந்தது. வெளிச்சம் பட்டதும் கண்ணைத் திறந்தது. ஓட முயலவில்லை. தொண்டைக்கடியில் தோல் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"அட, தவள" என்றார் முனுசாமி. "இது மண்ணுக்குள்ளயே பட்த்துகினு கெடக்கும்மா. மழ வந்தா மேல வரும். ஒண்ணும் பண்ணாது."

அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போது எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். அது என் மகள் என்று தோன்றவில்லை. கடவுள் அனுப்பியது என்றும் தோன்றவில்லை. தோன்றியது இவ்வளவுதான்: இங்கே யாரோ இருந்திருக்கிறார்கள். இந்த மண் நான் நினைத்த மாதிரி காலியாக இல்லை. ஒவ்வொரு கோடையிலும் இதுவோ, இதற்கு முந்தைய ஒன்றோ, இந்த இடத்தில் மழைக்காகப் படுத்திருக்கிறது. அவள் தனியாக இல்லை.

அந்த எண்ணம் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. நின்றவரைக்கும் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் அப்படி ஒரு நேரம் எனக்கு வாய்த்ததில்லை. பிறகு வழக்கமான நான் திரும்பி வந்துவிட்டேன். மண் இளகியிருந்ததால் தவளை அங்கே இறங்கியிருக்கிறது. யாரோ ஒருமுறை தோண்டியதால் மண் இளகியிருக்கலாம். கறையான் தின்றதாலும் இருக்கலாம். தோண்டியதாகவே இருந்தாலும் அந்த வேலியோரத்தில் எத்தனையோ வீட்டுக் குழந்தைகள் இருக்கிறார்கள். இவ்வளவையும் குழிக்குள் மண்டியிட்டபடியே யோசித்தேன்.

"பாப்பா கூடவே இருந்துகீது அண்ணி" என்றார் அந்தோணி.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். சற்று முன் நானே நினைத்ததை இன்னொருவர் வாயில் கேட்டபோது அது அவ்வளவு சின்னதாக இருந்தது.

"ஓரமா வுட்டுட்டு மேல வெட்டுவோமா?" என்றார் முனுசாமி. இன்னும் அரையடி வெட்டினார். கீழே இறுகிய தரை வந்துவிட்டது. எலும்பு இல்லை, துணி இல்லை, எதுவும் இல்லை.

ஒன்றும் கிடைக்காதவர்களுக்கு அந்த ஊரில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தலை, நெஞ்சு, கால் என்று மூன்று இடத்தில் பிடிமண் எடுத்துப் பானையில் போட்டால் போதும், ஆளையே எடுத்த கணக்கு. எங்கே தலை, எங்கே கால் என்று எனக்குத் தெரியாது. தவளை இருந்த குழிவைச் சுற்றி மூன்று பிடி எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தவளையை அந்த வெயிலில் தரையில் விட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். குழியிலேயே மூடினால் எந்திரம் வரும். "அதையும் போடுங்க" என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.  நானே இரண்டு கையாலும் தூக்கிப் பானைக்குள் வைத்து, மேலே ஈரமான மண்ணைத் தளர்வாகத் தூவி, துணியால் வாயைக் கட்டினேன்.

புது இடம் மாதா கோயிலுக்குப் பின்னால், அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். வண்டியில் குலுங்கும் என்று நடந்தே போனேன். அந்தோணி வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். அடக்கம் மறுநாள் காலை என்பதால் அன்றிரவு எல்லாப் பானைகளும் கோயில் தாழ்வாரத்தில் வரிசையாக இருந்தன. வெள்ளைத் துணி கட்டிய பானைகள், ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் வீட்டுப் பெயர்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பானை வாய் அகலமாக இருக்கட்டும். கை உள்ளே போகவேண்டும். காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள், பத்துக்கு மேல் மண்ணில் நிற்க முடியாது. கடப்பாரையும் மண்வெட்டியும் தோண்டுகிறவரே கொண்டுவருவார், தண்ணீர் நீங்கள் கொண்டுபோகவேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை மாதா கோயிலில் மட்டும்தான். தங்க வேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ்கள் இருக்கின்றன, ஆனால் தனியாகப் போகும் பெண்ணிடம் நிறையக் கேள்வி கேட்கிறார்கள். பெயர் பொறித்த கல் இருந்தால் மட்டும் கல்லை நம்புங்கள். நட்டவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். சிறு குழந்தை என்றால் ஒன்றும் கிடைக்காது. இதை யாராவது உங்களிடம் முன்பே சொல்லவேண்டும், அதனால் நான் சொல்கிறேன்.

இந்தப் பயணத்தில் எனக்கு ஏதாவது கிடைத்ததா என்று கேட்டால், கல்லை இழந்தேன், மாமனாரை இழந்தேன். அவள் புதைந்திருந்த இடம் என்று ஒன்று இருந்தது, அதையும் இழந்தேன். பதிலுக்கு, ஒரு குழிக்குள், சந்தேகமில்லாத கொஞ்ச நேரம். அது அருள் என்று கணவர் வீட்டார் சொல்வார்கள். வெயிலில் களைத்த மூளை என்று என் துறைக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அது இன்னும் விரல் நுனியில் குளிர்ச்சியாக இருக்கிறது. அதற்கு மேல் அதைக் கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரவில் அது உதவுவதில்லை.

மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதி முடிக்கிறேன்.

காலை ஏழு மணிக்குப் பங்குச்சாமியார் வந்தார். இளைஞர். பானை பானையாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். எங்கள் முறை வந்தபோது துணியை அவிழ்த்தேன். மண் மட்டும் தெரிந்தது. மேல்மண் காய்ந்து மட்டமாக இருந்தது. தவளையைக் காணோம். துணிக் கட்டு ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. இரவில் தளர்ந்ததா, நான் கட்டியதே அப்படியா, தெரியாது.

"உள்ள கீதா அண்ணி?" என்று அந்தோணி காதருகே கேட்டார்.

"தெரியல."

"கைய வுட்டுப் பாக்கறேன்."

"வேணாம்."

எதையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதே என்று வருடா வருடம் மாணவிகளுக்குச் சொல்கிறவள் நான். ஒரு விரலை விட்டிருந்தால் போதும். விடவில்லை.

"பெயர்?" என்று சாமியார் கேட்டார்.

"வைக்கல ஃபாதர்."

அவர் "இந்தக் குழந்தை" என்று ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார். பானையை நிமிர்த்தி வைக்காமல் பக்கவாட்டில் படுக்கவைக்கச் சொன்னேன், வாய் திறந்தபடி. மேலே மண்ணை மிதிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். குழி தோண்டியவர்கள் அப்படியே செய்தார்கள். இந்தப் பக்கம் ஒரு கிழவர், அந்தப் பக்கம் போன வருடம் இறந்த ஒரு பெண். நடுவில் எங்கள் பானை.

அந்தோணி என்னை வாலாஜாபாத்தில் இறக்கிவிட்டார். பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள தொலைபேசிக் கடையிலிருந்து மஸ்கட்டுக்குப் பேசினேன்.

"எடுத்துட்டியா?" என்றார்.

"எடுத்துட்டேன்."

"என்ன இருந்துச்சு?"

"மண்ணுதான்" என்றேன். பிறகு, "நல்லா குளிர்ச்சியா இருந்துச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து நின்றவர் கண்ணாடியைத் தட்டினார். வெளியே வந்து 10.40 செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து திருச்சிக்கு ரயில். ஊர் வரும்வரை எங்கேயும் மழை இல்லை.